ஒரே ஒரு ஆட்சேபணை

"இருநூத்திப் பன்னிரண்டு பேரு கையெழுத்து போட்டிருக்காங்க, சரிதான். ஆனா வேண்டாம்னு ஒரே ஒரு ஆட்சேபணை மனு வந்திருக்கு" என்றார் சாலை அலுவலக எழுத்தர், கோப்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே.

"யாரு சார் அந்த ஆளு?" வெல்டிங்காரர் கவுண்டருக்குள் தலையை நீட்டினார்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. நாளைக்கு மூணு மணிக்கு விசாரணை. ஆட்சேபணை கொடுத்தவங்களும் வருவாங்க. அவங்க வாபஸ் வாங்கிட்டா உங்க சுரங்கப்பாதை ஃபைல் மேல போயிடும். இல்லேன்னா மூடி வச்சிடுவோம்."

வெல்டிங்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடக்க வழி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஒருத்தன் இருப்பானா?

நகரத்தை விரைவுச்சாலையோடு சேர்க்கிறேன் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் போட்ட புதுச் சாலை, அவர் தெருவை இரண்டாகப் பிளந்துவிட்டது. அவர் வீடு இந்தப் பக்கம், அம்மா வீடு அந்தப் பக்கம். முன்பெல்லாம் நாற்பது எட்டு வைத்தால் அம்மா வீட்டு வாசல். இப்போது நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு, அதன் மேல் சாலை, இரண்டு ஓரமும் இரும்பு வேலி. சுற்றிக்கொண்டு போனால் பதினொரு கிலோமீட்டர், இரண்டு பஸ். ஞாயிற்றுக்கிழமை போய்வருவதே பெரும் பாடு. வேலியை அறுக்க அவருக்குப் பத்து நிமிடம் போதும். அரசாங்க இரும்பாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டு, சாலைக்கு அடியில் நடந்துபோக ஒரு சுரங்கப்பாதை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார்.

"எங்கம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு சார். தனியா இருக்காங்க. என் மூஞ்சியப் பார்க்காம அவங்களுக்குச் சோறு இறங்காது."

எழுத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கோப்பைக் கட்டி வைத்தார்.

வெளியே வந்ததும் வெல்டிங்காரர் நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். அவர் சந்தேகப் பட்டியலில் முதல் ஆள், 'மீட்டர்' என்று ஊரே கூப்பிடும் ஆட்டோக்காரன். பதினொரு கிலோமீட்டர் சுற்றினால் யாருக்கு லாபம்?

"ஏம்ப்பா மீட்டர், உண்மையச் சொல்லு. வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது நீதானே?"

"நல்லா இருக்குண்ணே உங்க கணக்கு. என் பொண்ணு பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். தினமும் ரெண்டு வாட்டி ஓசிச் சவாரி அடிக்கிறேன். எனக்கு எங்கேர்ந்து லாபம்?"

"அப்ப வேற யாரு?"

"என்னைக் கேட்டா? மொதல்ல வீட்டுக்குள்ள பாருங்கண்ணே."

விளையாட்டாகச் சொன்ன பேச்சுதான். ஆனால் வழி முழுக்க அவர் மண்டையைக் குடைந்தது. மாமியாரும் மருமகளும் சிரித்துப் பேசி அவர் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதிப் போட்டியா?"

"எதை?"

"சுரங்கப்பாதை வேண்டாம்னு."

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "உங்க லிஸ்ட்டுல மொதக் கையெழுத்து யாரோடது?"

"உன்னோடதுதான்."

"அப்புறம் என்ன?"

"அதான் எனக்குப் புரியல. நீ எதுக்கு மொத ஆளா போட்டே?"

"எட்டு மாசமா மூணு வேளையும் எதிர்ல உக்காந்துகிட்டு உப்பு பத்தல, காரம் பத்தல, எங்கம்மா இப்படியா வைப்பாங்கன்னு பாடுறீங்களே, அதுக்குத்தான். உங்கள அந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறதுன்னா சுரங்கம் என்ன, நானே கடப்பாரை எடுத்துத் தோண்டுவேன்."

மாமியார் சமையல் மேல் இவளுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் குழம்பினார். எப்படியோ, இவளும் இல்லை. அப்படியென்றால் யார்? மளிகைக்கடைக்காரரா? கோடி வீட்டு வாத்தியாரா? அந்த எழுத்தரே ஒரு பேப்பரைச் சொருகிவிட்டு நாடகம் ஆடுகிறாரா? ஆபீஸ் என்றால் பேப்பர் காணாமல் போவதும் உண்டு, இல்லாத பேப்பர் முளைப்பதும் உண்டு.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு இரண்டரை மணிக்கே அலுவலக பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எந்தப் பயல் வந்தாலும் சரி, காலில் விழுந்தாவது வாபஸ் வாங்க வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் கடைசிக் காலம் இந்த வேலிக்கு அந்தப் பக்கமே போய்விடும்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம். கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் குடையும் தோளில் பையுமாக அம்மா உள்ளே வந்தார்.

வெல்டிங்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரும்மா உனக்குச் சொன்னது? இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வரணுமா?"

"ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்துச்சுடா" என்றார் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"பார்த்தீங்களா சார், பெத்த மனச. எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்காங்க."

எழுத்தர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு கோப்பைத் திறந்து, "ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எதுக்குய்யா வாங்கணும்? இவன் கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து இருபத்திமூணு வருஷமா மூணு வேளையும் வந்து தின்னுட்டு, பொண்டாட்டி குறையெல்லாம் என் காதுல கொட்டிட்டுப் போனான், இந்த எட்டு மாசமாத்தான் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருறேன்" என்றார் அம்மா. "சுரங்கமெல்லாம் வேண்டாம், முடிஞ்சா அந்த வேலிய இன்னும் ரெண்டடி ஒசத்திக் கொடுங்க."