ஈர மட்டை

புருஷனின் வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு சங்கரி நிமிர்வதற்குள், பக்கத்துத் தோட்டத்திலிருந்து புகை வந்துவிட்டது.

"ஆரம்பிச்சிட்டாரு மனுசன்!"

வேலியைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று போனாள்.

கிருபைராஜ் தகர டிரம்மில் தென்னை மட்டையை எரித்துக்கொண்டிருந்தார். தோப்புக் கழிவைக் கரியாக்கி வயலில் போட்டால் மண்ணில் ஈரம் நிற்கும், உரமும் வீணாகாது என்று சேரன்மகாதேவி முழுக்கச் சொல்லித் திரிகிறவர்.

"அண்ணாச்சி, ஒங்க மண்ணு நல்லாருக்கணும்னு எங்க வீட்டுத் துணி நாறணுமா? எத்தனை தடவை சொல்லுதது?"

"தப்புதாம்மா. வெயில்ல நிக்காத, இங்கன வந்து உக்காரு. கடுங்காப்பி போட்டிருக்கேன்."

காப்பியைக் குடித்துக்கொண்டே சங்கரி திட்டினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மனைவி பாக்கியவதி இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் இன்னொரு ஆள் குரலே கிடையாது. பாவம்தான். அதற்காகப் புகையைச் சகித்துக்கொள்ள முடியுமா?

வாராவாரம் இதே கூத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் வேளாண்மை ஆபீசில் புகார் கொடுத்துவிட்டாள்.

அடுத்த தடவை புகை கிளம்பியபோது சங்கரியோடு அலுவலர் நித்யாவும் வந்தார். டிரம்முக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"இவர் மேலயா புகார்? இந்தப் பக்கம் எல்லாருக்கும் கரி சுடக் கத்துக் குடுத்ததே இவர்தான். மத்தவங்க தோப்புல இவர் சுட்டா, பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கூடத் தெரியாது."

"பொறவு எங்க வீட்டுக்கு மட்டும் எப்படி வருது?"

அடுத்துப் போட எடுத்து வைத்திருந்த மட்டையை நித்யா தொட்டுப் பார்த்தார். சொதசொதவென்று நனைந்திருந்தது. பின்னால் கொட்டகையில் காய்ந்த மட்டை குவிந்து கிடந்தது.

"வேணும்னே தண்ணி ஊத்தியிருக்கீங்களே ஐயா! இன்னொரு தடவை புகார் வந்தா இங்க கரி சுடவே விடமாட்டோம்."

கண்டித்துவிட்டு நித்யா போய்விட்டார்.

சங்கரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் காப்பி குடிக்க வைத்துக்கொண்டே இந்த வேலையா?

"நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன், அண்ணாச்சி? காஞ்ச மட்டை அம்புட்டு கெடக்கும்போது, நனைச்சு எதுக்குப் போடுதீய?"

கிருபைராஜ் பைய எழுந்து, அவளுக்கென்று ஊற்றி மூடி வைத்திருந்த காப்பியை எடுத்து நீட்டினார்.

"காஞ்ச மட்டையப் போட்டா புகை வராதும்மா. புகை வரலன்னா, நீ எதுக்கு இங்கன வரப்போற?"