மேலிடத்துக் குரல்

"என் பலவீனமா? வேற என்ன, முழங்கால்தான் சாமி!" என்றாள் அம்மா, ஆளே இல்லாத பால்கனியில் உட்கார்ந்துகொண்டு.

ஹாலில் இருந்த அவள் மகன், ஃபிரிட்ஜ் மெக்கானிக், பூனைபோல் அடியெடுத்து அம்மாவிடம் போனான். உள்ளறையில் அவன் மனைவிக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் அவள். மறுபடி ஏறி இறங்காத கம்பெனி இல்லை. இது ஒன்றுதான் கடைசிச் சுற்று வரை வந்திருந்தது. மூச்சுச் சத்தம்கூட வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டம்மா பேசறே?" என்று கிசுகிசுத்தான்.

"உஷ்! மேலேருந்து பேசறாங்க." அம்மா வானத்தைக் காட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன.

அவன் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். புதுக் காது மெஷின் மாட்டியதிலிருந்து அம்மா தெம்பாகத்தான் இருந்தாள். காலையில்கூட மருமகளோடு ஒரு பாட்டம் சண்டை போட்டாள்.

"யாராவது கோபமா கத்தினா என்ன செய்வேனா? பொறுத்துப் போவேன். இந்த வீட்ல வேற வழி?"

"அம்மா, உள்ள வந்து படு. டாக்டரைக் கூப்பிடறேன்."

அம்மா அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கைகூப்பினாள். "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேனா? உங்க காலடியிலதான் சாமி. எனக்கு வேற போக்கிடம் ஏது?"

இதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. மனைவியின் உத்தரவையும் மறந்து உள்ளறைக்கு ஓடினான்.

அங்கே அவள் வேர்த்துக் கொட்ட, சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். திரையில் டை கட்டிய பெரியவர் ஒருவர் வாயை அசைத்தார். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. திடீரென்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், மறைந்துபோனார்.

"ஆரம்பத்துலேருந்தே ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள் அவள், அழாத குறையாக. "சொன்னா வேலை போயிடுமோன்னு பயந்து, அவங்க வாயசைச்சா நானும் வாயசைச்சேன். ப்ளூடூத் எதோடயோ போய் ஒட்டிக்கிட்டிருக்கு!"

அவன் குனிந்து பார்த்தான். 'அம்மா காது – இணைக்கப்பட்டது' என்றிருந்தது.

தலையில் அடித்துக்கொண்டான். அம்மா லேப்டாப்பில் சீரியல் பார்த்தால் வீடே அதிர்கிறது என்று, அவளுடைய காது மெஷினை நேற்று அதோடு இணைத்துவைத்தவன் அவன்தான். அந்த மெஷின் கேட்பதோடு நிற்காது, அம்மா பேசுவதையும் அனுப்பிவைக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ பதில் சொன்னதெல்லாம் அத்தையா? போச்சு, என் மானமே போச்சு!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் லேப்டாப்பில் ஒரு மெயில் வந்து விழுந்தது. 'நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை வந்து சேரவும். எங்கள் புகார் பிரிவுக்கு உங்களைப் போல நகைச்சுவை உணர்வுள்ள ஒருவரைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்.'

இருவரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒரே ஓட்டமாகப் பால்கனிக்கு ஓடினார்கள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்திருந்த அம்மா, மருமகளைக் கண்டதும் தூக்கிவாரிப்போட நிமிர்ந்தாள்.

"நீ இன்னும் இங்கதான் இருக்கியா?"

மருமகள் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்க நல்லா இருக்கணும்! கடைசியா அவங்க என்ன கேட்டாங்க?"

"எப்ப வந்து சேரப் போறேன்னு கேட்டாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அம்மா மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பேரனை விட்டுப் பிரிய மனசு வரல... எனக்குப் பதிலா மருமகளைக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டேன்."