இரண்டும் எழுபத்தேழும்

தையல் கடை மேசையில் ஒரு நீலத் துணி பயத்தில் சுருண்டு கிடந்தது.

"ஜன்னல் திரைக்கு எழுபத்தேழு அங்குலம் வேணும்" என்றது இஞ்ச் டேப்.

"இதோட நீளம் இரண்டே இரண்டுதான். நான்தானே அளந்தேன்!" என்றது மீட்டர் கோல்.

"அப்போ தலையணை உறைதான்" என்று கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

"பொறுங்கண்ணே!" என்று துணி கெஞ்சியது. பிறகு மற்ற இருவரையும் பார்த்து, "ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல படுத்துப் பாருங்களேன்" என்றது.

டேப்பும் கோலும் முறைத்துக்கொண்டே படுத்தன. கோலின் நுனி டேப்பில் முப்பத்தொன்பதைத் தாண்டி நின்றது.

"உன் ஒண்ணு இவ்வளவு நீளமா!" என்று டேப் வியந்தது. "அப்போ இரண்டுக்கு எழுபத்தெட்டுக்கும் மேல வருதே. மடிச்சுத் தைக்கவும் மிச்சமிருக்கு."

கத்தரிக்கோல் ஓரமாக நகர்ந்துகொண்டது. துணி பெருமூச்சு விட்டு, மேசை முழுக்கத் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்தது.