ஒரு பிடிப் பவுடர்

"முந்தானையை அவுத்துக் காட்டுன்னாக் காட்டோணும். அதென்ன இத்தனை நேரம்?"

சலவைப் பட்டறை வாசலிலேயே மயிலாத்தாளை நிறுத்திவிட்டார் வாட்ச்மேன் ரத்தினசாமி. வேலை விட்டுப் போகிற பொம்பளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

உள்ளே லிங்கசாமி எழுதிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு முதலாளி, அந்த வார்டுக்குக் கவுன்சிலர். வருஷா வருஷம் சித்திரையில் வார்டுக் குறைகளை எழுதி நகரசபையில் வாசிப்பார். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய். ஏழு வருஷமாக அதே மூன்றுதான். தேதியை மாற்றினால் போதும்.

இந்த வருஷம் மனசு விட்டுப்போய் நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்.

'எங்கள் வார்டு ஜனங்களுக்கு நல்லது செய்ய ஆண்டவனே இறங்கி வந்தாலும் ஆகாது. போன கோடையில் வாந்திபேதிக்கு எட்டுப் பேரைக் கொடுத்தோம். கிணற்றுக்கு மருந்து போட வந்த முனிசிபாலிட்டி ஆளை, குடிக்கிற தண்ணியில் நஞ்சு கலக்கிறான் என்று தெற்கு வீதியார் அடித்து விரட்டினார்கள்...'

வாசலில் சத்தம் பெரிதாகவே, பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன ரத்தினம்?"

"இவ முடிச்சைப் பாருங்க மொதலாளி. பனியன் துணி வெளுக்கற நம்ம பிளீச்சிங் பவுடருங்க. முழுசா ஒரு பிடி இருக்குது."

லிங்கசாமிக்குச் சுருக்கென்றது. மயிலாத்தாள் நல்ல வேலைக்காரி. போன கோடையில் போன எட்டுப் பேரில் ஒன்று அவள் பையன். மூணு வயசு. இவரும்தான் கூடப் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

"ஏம்மிணி, இன்னிக்குத்தானா? இல்லெ, தெனமுமா?"

"தெனமுந்தானுங்க."

"எத்தனை நாளா?"

"மாசி கடைசியிலிருந்துங்க."

"எந்தக் கடைக்குக் குடுக்கறே? உள்ளதைச் சொல்லீரு. உன்ற கஷ்டம் எனக்குத் தெரியும். இந்த ஒருக்கா விட்டர்றேன்."

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தாள். பாதிப் பேர் அவள் குடியிருக்கிற தெற்கு வீதிக்காரிகள்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"விக்கலீங்க" என்றாள்.

"பின்னே, கரைச்சுக் குடிக்கறயாக்கும்?" என்றாள் கூட வேலை செய்கிற தெய்வாத்தாள். "ஊட்டுத் துணி வெளுக்கறான்னு நெனச்சுப் போடாதீங்க மொதலாளி. அவ புருஷன் வேட்டியெப் பாருங்க, செம்மண்ணு நெறத்துல இருக்குது. விக்காம என்ன பண்றா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

மயிலாத்தாள் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னெய வேலையெ விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க சாமி. அந்த ஒரு முடிச்சை மட்டும் குடுத்துருங்க. கூலியில பிடிச்சுக்குங்க."

"நெஞ்சழுத்தத்தெப் பாத்தீங்களா!" ரத்தினசாமி வாயில் கை வைத்தார்.

லிங்கசாமிக்கு அதுவரை இருந்த இரக்கமும் ஓடிப்போய்விட்டது.

"திருடினது பத்தாதுன்னு, திருடின சாமானையே திருப்பிக் கேக்கறயா? நான் கவுன்சிலரு. இதெ விட்டா நாளைக்கு ஊரே என்னெய ஏசும். இனி இந்த வாசப்படி மிதிக்காதே, போ!"

ரத்தினசாமி முடிச்சைப் பிடுங்கிச் சாக்கடையில் உதறினார். அது கரைந்து முடிகிற வரைக்கும் மயிலாத்தாள் அங்கேயே நின்றாள். அழவில்லை. அப்புறம் தெற்கு வீதிப் பக்கம் நடந்தாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

லிங்கசாமி உள்ளே போய்க் கடைசி வரியை எழுதினார். 'கைக்கெட்டினது ஒரு பிடி என்றாலும் விட்டுவைக்காத ஜனங்கள் இவர்கள்.'

திங்கட்கிழமை நகரசபையில் வாசித்தார். "உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டீங்க" என்று மேசையைத் தட்டினார்கள். குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

புதன்கிழமை காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் பட்டறை வாசலில் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"தெற்கு வீதியில மறுபடியும் வந்துருச்சுங்க. ரெண்டு நாள்ல பதினோரு பேரு. காத்தால ரெண்டு கொழந்தைக போயிருச்சு."

லிங்கசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து போட வந்தவனை வெரட்டுன சனமுங்க. என்னத்தெச் சொல்றது? இவங்களுக்கு மாரடிச்சே என்ற ஆயுசு போச்சு."

"நீங்களே இப்பிடி மனசு விடலாமுங்களா? அதே கெணத்துல ரெண்டு மாசமா வாந்திபேதி எட்டிப் பாக்காமப் பண்ணினவரு நீங்க."

"நானா?"

"எங்கிட்ட எதுக்குங்க மறைக்கறீங்க? வெள்ளிக்கு வெள்ளி அந்தத் தண்ணியெ மொண்டு சோதிச்சுப் பாக்கறது நாந்தானுங்களே. யாரோ தெனமும் விடியறதுக்குள்ளே பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கறாங்க. அடி வாங்கினதிலிருந்து எங்க ஆளுக அந்தப் பக்கமே போறதில்லை. இந்த வார்டுல அது மூட்டை மூட்டையாக் கெடக்கறது உங்க பட்டறையிலதான். வீதி சனத்துக்குத் தெரிஞ்சா நஞ்சு கலந்தவன்னு அடிச்சே கொன்னுபோடுவாங்கன்னு, ஆரையோ விட்டுக் கமுக்கமாப் போட்டிருக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

லிங்கசாமி வாசல் சாக்கடையைத் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்து, குரலை இறக்கிக் கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. போன வெள்ளிக்கிழமையிலிருந்து மட்டும் ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க?"