வெல்டர் வேலைக்கு ஒரு சோதனை

முகமூடியைத் தூக்கிவிட்டு நிமிர்கிறாள் வெல்டிங்காரம்மா. பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் புகைக்குள் கோல்கோலாக இறங்குகிறது. அவள் சேர்த்த இரும்புத் துண்டு சிவப்பு மங்கி ஆறிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆளைத்தான் எடுக்கப்போகிறார்கள். வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கிறது, அதில் பெண் இவள் ஒருத்திதான். வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து இவள் ஏறி இறங்காத பட்டறை இல்லை. மேற்பார்வையாளர், பற்றவைத்த ஒட்டின்மேல் ஓடாகப் படிந்த கசடைத் தட்டச் சுத்தியலை ஓங்குகிறார். அதற்குள் கசடு தானாகவே சுருண்டு, முழு நீளத்துக்கும் கழன்று விழுகிறது. அடியில் ஒட்டு, மீன் செதிலை அடுக்கியதுபோல் ஒரே சீராக மின்னுகிறது. வரிசையில் யாரோ மெல்ல விசிலடிக்கிறார்கள். ஆசையாகத் தடவப்போன மேற்பார்வையாளர் சூடு பட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார்.

“குறையே சொல்ல முடியாதும்மா. ஆனா பொம்பளைய வெல்டரா போட முதலாளி ஒத்துக்க மாட்டாரு. ஹெல்பரா சேந்துக்கிறீங்களா?”

வீட்டில் எரியாத அடுப்பு ஒரு கணம் அவள் கண்முன் வந்து போகிறது. கையுறைகளை நிதானமாகக் கழற்றுகிறாள். “நான் வெல்டர் சார். அந்த வேலைன்னா கூப்பிடுங்க.”

வரிசை ஒதுங்கி வழி விடுகிறது. வெளியே ஸ்கூட்டரில் காத்திருக்கும் கணவன், அவள் முகத்தைப் பார்த்ததுமே, “கிடைச்சிருச்சா?” என்கிறான்.

“இல்ல.”

“பின்ன ஏன் முகம் இப்படி ஜொலிக்குது?”

“வேலைய செஞ்சு காட்டிட்டு வரேன்ல” என்று பின்னால் ஏறி நிமிர்ந்து உட்காருகிறாள். “வண்டிய எடுங்க. அடுத்த பட்டறைய பூட்டறதுக்குள்ள போயிடலாம்.”