எனிசாவின் பல் டாக்டர்

எனிசா கண்ணாடி முன் நின்று உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பின்னால் சோபாவில் அவள் கணவன் ரமிஸ், ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கிப்போய், ராக்கியா சாராயத்தில் நனைத்த பஞ்சை ஈறில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மறுபடியும் எங்க கிளம்பிட்ட?”

“பல் டாக்டர்கிட்ட.”

“வலி எனக்கு. டாக்டரைப் பாக்கப் போறது நீயா?”

“நீதான் வரமாட்டேங்கிறியே. நானாவது பல்லைச் சுத்தம் பண்ணிக்கிறேன்.”

“போன வாரம்தானே பண்ணின?”

“அந்த டாக்டர் கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு தெரியுமா? பட்டதே தெரியல!”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். வாசனைத் தைலத்தின் மணம் மட்டும் அறையிலேயே நின்றது. ரமிஸுக்கு ஈறு எரிந்ததா வயிறு எரிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போஸ்னிய மலைப்பாதைகளில், கொட்டும் பனியில் லாரி ஓட்டுகிறவன் அவன். பல் டாக்டர் பலகையைக் கண்டால் மட்டும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவான்.

மாடி வீட்டு ஹைரா காபியோடு இறங்கி வந்தாள். ரமிஸ் வலிக்காத பக்கமாக உறிஞ்சிக் குடித்து, வழக்கம்போல் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தான். அவள் அதை நிமிர்த்தி, குறி சொல்வதற்காக உள்ளே படிந்திருந்த காபி வண்டலை உற்றுப் பார்த்தாள்.

“வேணாம் ரமிஸ். சொன்னா கோவப்படுவ.”

“சும்மா சொல்லுங்கக்கா.”

“வெள்ளைக் கோட்டு ஒண்ணு நிக்குது. நல்லா அகலமான தோள். அதுக்கு முன்னாடி உன் பொண்டாட்டி வாய் கொள்ளாமச் சிரிச்சிட்டிருக்கா. தெருவுல பேசிக்கிறதும் அதேதான்.”

பஞ்சு ஒரு பக்கம் பறந்தது. வீட்டுச் செருப்போடு வீதியில் இறங்கினான். அந்த ஊரில் பைத்தியம் பிடித்தவன்கூடச் செய்யாத காரியம்!

“எங்கேடா அந்த டாக்டர்?”

கத்திக்கொண்டே கிளினிக் கதவைத் தள்ளினான். அகலமான தோளும் நரைத்த கொண்டையுமாக, வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மாள் ஒருத்தி திரும்பினாள்.

“நான்தான் டாக்டர். ரமிஸ்தானே? உட்காருங்க.”

நாற்காலியைப் பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. மெல்லப் பின்வாங்கினால், எனிசா கதவில் சாய்ந்து வழிமறித்து நின்றிருந்தாள்.

“என்னை அப்புறம் திட்டு. இப்ப வாயைத் திற.”

ஊசி போட்டு, ஈறைக் கீறி, சீழை எடுத்து முடிக்கிறவரை அவன் நசுக்கிய நசுக்கில் எனிசாவின் விரல்கள் கன்றிப் போயின. அவள் கையை உருவவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். “நல்ல வேளை வந்தீங்க. இன்னும் விட்டிருந்தா கண்ணு வரைக்கும் ஏறியிருக்கும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. பாவம், இந்தம்மா தினம் வந்து ‘அவரை எப்படியாவது கூட்டிட்டு வந்துடறேன்’னு அழுதுட்டுப் போகும்.”

மரத்துப்போன வாயால் ரமிஸ் குழறினான். “அப்ப... ஹைரா அக்கா கோப்பையில பாத்துச் சொன்னது?”

“நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்” என்றாள் எனிசா. “நீ பயந்தாங்கொள்ளி. ஆனா பொறாமை வந்துட்டா உனக்குப் பயமெல்லாம் மறந்துடும்.”

“அறிவு இருக்கா உனக்கு? தெருவே உன்னைத் தப்பாப் பேசுதுடி!”

“பேசட்டும்” என்றாள் எனிசா. “ராத்திரி பூரா நீ காய்ச்சல்ல அனத்தினப்போ, என் நல்ல பேரை வெச்சுக்கிட்டு என்னால என்ன பண்ண முடிஞ்சுது?”