வண்டி நின்ற இடம்

"வண்டி எங்கம்மா நின்னுச்சு?"

எபினேசர் சார் மூன்றாவது தடவையாகக் கேட்டார். போடி நகராட்சி ஆபீசில் பிறப்பு, இறப்புப் பதிவெல்லாம் அவர் மேசையில்தான்.

பானுப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. மடியில் கிடந்த குழந்தைக்கு இன்றோடு இருபத்தொரு நாள். இன்றைக்குள் பதியாவிட்டால் தாமதப் பதிவு. அதற்குத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல். அலைந்தது போதாதா?

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வலி கண்டு, ஜீப்பில் கீழே இறங்கி வரும்போதே குழந்தை பிறந்துவிட்டது. போடி பெரியாஸ்பத்திரியில் பதியச் சொன்னால், "இங்க பிறக்கலையேம்மா" என்றார்கள். மலை மேல் ஓர் ஆபீசில், "எத்தனாவது வளைவுல பிறந்துச்சு? எங்க எல்லைக்குள்ளயா?" என்றார்கள். இருப்பது பதினேழு கொண்டை ஊசி வளைவு. பிள்ளை பெறுகிறவள் பல்லைக் கடிப்பாளா, வளைவை எண்ணுவாளா?

"நடுவழியில நிறுத்தினாங்க சார்" என்றாள்.

அது பொய். "ஓடுற ஜீப்புல பெத்தேன்னா எவன் நம்புவான்? ஓரமா நிறுத்திப் பெத்தேன்னு சொல்லு" என்று புருஷன் சின்ராசு சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருந்தான். அன்றைக்கு அவன் ஜீப்பில் இல்லை. வேறு தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருந்தான்.

எபினேசர் ஆஸ்பத்திரிச் சீட்டை இன்னொரு தரம் படித்தார். பேனாவை மூடினார்.

"நடுவழின்னா அது எங்க எல்லை இல்ல. ரெண்டு பேரும் வெளிய போயி ஒரு டீயக் குடிச்சிட்டு, நல்லா நெனச்சுப் பாத்துட்டு வாங்க."

வெளியே வந்ததும் சின்ராசு பல்லைக் கடித்தான்.

"உனக்குப் புரியலையா? டீக்கு அடி போடுறாரு."

"பாவி மனுசன். பச்சப்புள்ளையப் பாத்துமா?"

"ஊரு உலகம் அப்படித்தான். பையக் கொண்டா."

பைக்குள் எஸ்டேட் முதலாளி தீபாவளிக்குக் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலம் இருந்தது. உள்ளே போய் அதைச் சத்தமில்லாமல் ஃபைலுக்கு அடியில் தள்ளினான். ஏலக்காயை எங்கே ஒளிக்க முடியும்? வாசம் மேசையைத் தாண்டி வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் போனது.

எபினேசர் பொட்டலத்தை எடுத்து அவன் கையிலேயே வைத்தார்.

"போடிக்கு வந்து ஏலக்காய நீட்டுறியே. கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறியாப்பா? உள்ள வையி." பானுப்பிரியா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வண்டி எங்க நின்னுச்சு?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்க சார் நின்னுச்சு? அந்தத் தங்கபாண்டி எங்க நிறுத்தினான்? நிறுத்து நிறுத்துன்னு உசுரு போறாப்புல கத்துறேன். எம் பக்கத்துல இருந்த பொன்னுமணியக்கா கெஞ்சுது. கல்லு மாதிரி ஓட்டிக்கிட்டே வந்தான். புள்ள தரையில விழாம அக்காதான் மடியில ஏந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்லதான் சார் நிறுத்தினான். அவன் நல்லாவே இருக்க மாட்டான்."

எபினேசர் சிரித்தார். இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"இதத்தான் காலையிலருந்து கேக்குறேன். ஓடுற வண்டியில பிறந்தா, வண்டி முதல்ல எங்க நிக்குதோ அங்கதான் பதியணும். அதான் விதி. தொப்புள்கொடிகூட அறுக்காமக் கொண்டு வந்தாங்கன்னு சீட்டுல எழுதியிருக்கு. ஓரமா நிறுத்திப் பெத்தவ அப்படியா வருவா? ஆனா நான் எடுத்துக் குடுத்து நீ சொல்லக் கூடாதும்மா. நீயாச் சொல்லணும்."

பானுப்பிரியாவுக்கு வெட்கமாகிவிட்டது. டீ என்றால் அவருக்கு டீதான் போலிருக்கிறது.

"ஒண்ணு பாக்கி. வண்டி ஓட்டினவரு வந்து கையெழுத்துப் போடணும். வெரசாக் கூட்டிட்டு வாங்க."

சின்ராசுவின் முகம் சுருங்கியது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஜீப் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்கத் தங்கபாண்டியின் சட்டையைப் பிடித்து, "நீயெல்லாம் மனுசனாடா?" என்று கேட்டவன் அவன். இப்போது எந்த முகத்தோடு போவது?

வேறு வழியில்லை, போனான். தங்கபாண்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

"எங்கயுமே நிறுத்தலையாப்பா?" என்றார் எபினேசர்.

"இல்ல சார். முந்தல் செக்போஸ்டுலகூட ஆரன அமுக்கிக்கிட்டே வந்துட்டேன். கம்பத் தூக்கிவிட்டுட்டாங்க. நேரா ஆஸ்பத்திரி வாசல்தான்."

எபினேசர் அதை அப்படியே எழுதினார். தங்கபாண்டி குனிந்து கையெழுத்துப் போட்டான். வேலை முடிந்தது. ஆனாலும் பானுப்பிரியாவுக்கு மனசு ஆறவில்லை.

"அந்தக் கத்து கத்தினேனேண்ணே. ஒரு நிமிசம் நிறுத்தியிருக்கக் கூடாதா?"

தங்கபாண்டி குழந்தையைப் பார்த்தான். அது வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

"ஒருக்கா நிறுத்தினேன் ஆத்தா. ஆறு வருசத்துக்கு முன்னாடி, பதினோராவது வளைவுல. எம் பொஞ்சாதி வலியில அழுதது பொறுக்காம."

பேனாவை எபினேசரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அந்தப் புள்ளைக்குத்தான் இந்த ஆபீசுல வந்து பேரு எழுதுற சோலியே இல்லாமப் போச்சு."